பத்துக்கு எட்டில் ஒரு ராணி

திருமழபாடி
4.11.2024

அன்புள்ள வினோ அக்காவுக்கு,

பானு எழுதுகிறேன். நலம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். அம்மா நலம், அப்பா நலம், மாடு கன்று போட்டிருக்கிறது, அதுவும் நலம். பெரியம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? உன் ஹாஸ்டலில் இந்த வருடமாவது சாப்பாடு வாயில் வைக்கும்படி இருக்கிறதா?

என் போனை அப்பா பிடுங்கிப் பீரோவில் பூட்டிவிட்டார். அவருடைய பட்டன் போனில் பேசலாம். ஆனால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச வேண்டும், பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருப்பார். அதனால்தான் கடிதம். தபால் ஆபீஸ் பொன்னுத்தாய் அக்கா உன் பதிலைக் கொண்டு வந்து என் கையில் தருகிறேன் என்றார். அப்பாவிடம் கேட்டதற்கு, "வினோதினிக்குத்தான? அது வாயில்லாப் பூச்சி. எழுதிட்டுப் போ" என்றார். உன் பெயருக்கு இந்த வீட்டில் அவ்வளவு மதிப்பு.

நடந்ததை நீ அரைகுறையாகத்தான் கேட்டிருப்பாய். முழுதாக எழுதுகிறேன். அக்டோபர் ஐந்தாம் தேதி எங்கள் கல்லூரிக் கலைவிழாவில் மாறுவேடப் போட்டி. "எல்லாரும் ஜான்சி ராணியா வருவாளுவ, நீ கிளியோபாட்ராவா போ" என்று சொன்னது நீதான். பெரம்பலூரிலிருந்து அரியலூர் வந்து, கறுப்பு உல்லன் நூலில் முடி செய்து, ஜிகினாத் தாளில் கைப்பாம்பு சுற்றி, எனக்கு மை தீட்டிவிட்டதும் நீதான். முதல் பரிசு வாங்கினேன்.

சரியாக இரண்டு வாரம் கழித்து, சனிக்கிழமை காலை, எங்கள் ஊர் பஸ் ஸ்டாப்பில் பத்தடிக்கு எட்டடி பிளக்ஸ். அதில் என் முகம். கழுத்துக்குக் கீழே நான் இல்லை. யாரோ ஒருத்தி பாதி உடம்பு தெரியப் படகு வடிவக் கட்டிலில் சாய்ந்து கிடக்கிறாள். மேலே, "எங்கள் ஊர் கிளியோபாட்ராவின் வெற்றி தொடர வாழ்த்துகிறோம்." கீழே, "இவண் நண்பர்கள்." ஒரு பெயரும் இல்லை. ஆறு மணி பஸ்ஸுக்கு நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். பிறகு அதுவே எல்லார் வாட்ஸப்பிலும் போனது. விருத்தாசலத்திலிருந்து என்னைப் பெண் கேட்டிருந்தவர்கள் மறுநாளே, "ஜாதகம் சரியா வரல" என்றுவிட்டார்கள். திங்கட்கிழமை முதல் கல்லூரியும் இல்லை.

வைத்திலிங்கம் மாமா மகன் ராஜதுரை ஜெயங்கொண்டத்திலிருந்து பைக்கில் பறந்து வந்து, கத்தியால் அதைக் கிழித்து, கொள்ளிடத்து மணலில் போட்டு எரித்தான். அப்பா அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிளக்ஸ் கடை வைத்திருக்கிறவனுக்கு இதை அடித்தது யாரென்று தெரியாதா என்று கேட்டேன். "ஊருக்கு நூறு கடை இருக்கு பானு, நான் எங்கன்னு போயி தேடுவேன்?" என்றான்.

நான் அழவில்லை. இதைச் செய்தவன் ஒருநாள் இதேபோல் நடுரோட்டில் நிற்க வேண்டும். அதுவரை எனக்குச் சோறு இறங்காது.

நீ வரலாறு படிக்கிறவள். ஒன்று மட்டும் பார்த்துச் சொல். என் தலைக்குக் கீழே ஒட்டின அந்த உடம்பு யாருடையது?

ஆறாத கோபத்துடன்,
உன் தங்கை பானுப்ரியா

*

பெரம்பலூர்
15.11.2024

அன்புத் தங்கை பானுவுக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. எனக்குச் சளி தவிர வேறு குறையில்லை. ஊரில், வாலிகண்டபுரத்தில், மழை விடவில்லை, பட்டறை போட்டுச் சேமித்த வெங்காயம் அழுகிவிடுமோ என்று அப்பா பயந்துகொண்டிருக்கிறார். சித்தி சித்தப்பா உடல்நலத்தைப் பார்த்துக்கொள். நீயும் சாப்பிடு.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் வகுப்பில் எதுவும் காதில் விழவில்லை. வாட்ஸப்பில் வந்ததை நானும் பார்த்தேன். அந்த உடம்பு எந்தப் படத்திலிருந்து எடுத்தது என்று தேடினேன். கண்டுபிடிக்க முடியவில்லை. ஏனென்றால் ஒரே மாதிரி நூறு வருகிறது. நூறு வருடத்துக்கு முந்தைய ஊமைப் படத்திலும் அதே கட்டில், அதே பாம்பு, அதே நெற்றிமுடி. போன வருடம் வந்த சோப்பு விளம்பரத்திலும் அதுதான். எந்த ஊர் நடிகையாக இருந்தாலும் கிளியோபாட்ரா என்று பெயர் வைத்துவிட்டால் அந்தக் கட்டிலில் படுக்க வைத்துவிடுகிறார்கள்.

அந்த ராணி இருபது வருடத்துக்கு மேல் ஒரு நாட்டை ஆண்டவள். பல மொழி பேசியவள். அவள் பரம்பரை முந்நூறு வருடம் எகிப்தை ஆண்டும், அந்த ஜனங்களின் பாஷையைக் கற்றுக்கொண்ட முதல் ஆள் அவள்தான் என்கிறார்கள். நான் பார்த்த ஒரு படத்திலும் அவள் நிம்மதியாக உட்கார்ந்து வேலை பார்க்கக் காணோம். குளிக்கிறாள், படுத்திருக்கிறாள், சாகிறாள்.

ஆகவே அந்த உடம்பு யாருடையதும் இல்லை பானு. உன்னுடையதும் இல்லை.

யார் செய்திருப்பார்கள் என்று எனக்கும் பிடிபடவில்லை. மனதைத் தளரவிடாதே.

உன் நலம் நாடும்,
வினோதினி

*

திருமழபாடி
25.11.2024

அன்புள்ள அக்கா,

இங்கே எல்லாருக்கும் சுகம்தான், என்னைப் பார்க்காத மாதிரி நடமாடப் பழகிவிட்டார்கள். உன் சளி போயிற்றா? கற்பூரவள்ளி கிடைத்தால் கொதிக்க வைத்துக் குடி.

குளிக்கிறாள், படுத்திருக்கிறாள், சாகிறாள் என்று எழுதியிருந்தாயே, அதை மூன்று முறை படித்தேன். என்னைப் பற்றியும் ஊர் இப்போது அவ்வளவுதான் பேசுகிறது. குளத்தங்கரைக்குப் போனால், "ராணி வருது, வழி விடுங்கடி" என்கிறாள் ஒருத்தி. "பாம்பு எங்கடி, வூட்லயே வச்சுட்டு வந்துட்டியா?" என்கிறாள் இன்னொருத்தி. நேற்று அவளுடைய குடத்தைத் தூக்கித் தண்ணீரில் எறிந்துவிட்டேன். நீந்திப் போய் எடுத்தாள். எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

இரண்டு கேள்வி. அவளை முதலில் இப்படி வரைந்தது யார்? அவள் நிஜ முகம் எங்கேயாவது இருக்கிறதா?

மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. என் படம் யார் கையிலிருந்து போனது? மேடையில் எடுத்த தோழிகள் மூன்று பேரையும் பொன்னுத்தாய் அக்கா போனிலிருந்து கேட்டுவிட்டேன். சத்தியம் செய்கிறார்கள். நீயும் உன் போனில் எடுத்தாய் அல்லவா? உன்னிடமிருந்து யாருக்காவது போயிருக்குமா? யோசித்து எழுது.

பதிலுக்குக் காத்திருக்கும்,
பானு

*

பெரம்பலூர்
29.12.2024

அன்புத் தங்கை பானுவுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். செமஸ்டர் பரீட்சை, நடுவில் காய்ச்சல். இப்போது தேவலை. அறைத்தோழி சமீரா தன் ஊரான லப்பைக்குடிக்காட்டிலிருந்து கஞ்சி கொண்டுவந்து கொடுத்துப் பார்த்துக்கொண்டாள். நீங்கள் அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கன்றுக்குட்டி காளையா, கிடாரியா?

நீ கேட்டவை. அவள் உயிரோடிருந்தபோது அடித்த காசுகள் கிடைத்திருக்கின்றன. அதில் மூக்கு வளைந்து நீண்டிருக்கிறது, தாடை முன்னே வந்திருக்கிறது, தலைமுடியைப் பின்னி இழுத்துக் கொண்டை போட்டிருக்கிறாள். சந்தையில் விலை பேசும் கெட்டிக்காரப் பெண்மணி மாதிரி இருக்கிறாள். எகிப்தில் ஒரு கோயில் சுவரில் மகனோடு நின்று சாமிக்குப் படைக்கிறாள். அந்த இரண்டும் அவள் காலத்தவை. கட்டில் எங்கும் இல்லை.

ஐரோப்பிய ஓவியர்கள் ஆயிரத்து ஐந்நூறு வருடம் கழித்து வந்தவர்கள். தங்கள் ஊர்ச் சீமாட்டிகளைப் போல வெள்ளையாக, பொன்முடியோடு வரைந்தார்கள். பாம்பு கையில் கடித்தது என்றுதான் பழைய ஏட்டில் இருக்கிறது, அதுவே சந்தேகம். ஓவியர்கள் அதை மார்புக்குக் கொண்டுபோய்விட்டார்கள். துணியை விலக்க ஒரு காரணம் வேண்டுமே. அவள் இறந்து நூறு வருடத்துக்குப் பின் எழுதிய ஒருவர், அவள் அழகு ஒன்றும் ஈடிணையற்றது அல்ல, அவள் பேச்சுதான் ஆளைக் கட்டிப்போடும் என்கிறார். பேச்சை யாரால் வரைய முடியும்? அதனால் உடம்பை வரைந்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. இதையே என் ஆய்வுக்கும் எடுத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன்.

கடிதம் நீண்டுவிட்டது. தபால் பெட்டி எடுக்கும் நேரம்.

அன்புடன்,
வினோதினி

*

திருமழபாடி
6.1.2025

அக்காவுக்கு,

கிடாரிதான். நலமாக இருக்கிறது. உன் காய்ச்சல் விட்டதில் சந்தோஷம்.

கடிதம் வர ஒரு மாதம் ஆனது. காசு, கோயில், ஓவியம், பாம்பு எல்லாவற்றுக்கும் பதில் இருக்கிறது. மூன்றாவது கேள்விக்கு மட்டும் தபால் பெட்டி எடுக்கும் நேரம் வந்துவிட்டது. சரி.

இங்கே ஒரு புதுச் செய்தி. புதுவருடத்துக்கு மறுநாள் வைத்திலிங்கம் மாமா தட்டில் பழம் வைத்து, மகனோடு வந்தார். அப்பா எதிரில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். மாமா வெற்றிலையை மடித்துக்கொண்டே, "பழனிவேலு, நடந்தது நடந்துபோச்சு. வெளியில இனிமே யாரு வந்து கேப்பா? நம்ம புள்ளைய நாமதான் பாத்துக்கணும். எம் மவன் கட்டிக்கிறேங்குறான். அவன் மனசு யாருக்கு வரும் சொல்லு" என்றார். அப்பா இரண்டு கையும் கூப்பினார் அக்கா. போன சித்திரையில் இதே மாமா இதே மகனுக்கு என்னைக் கேட்டபோது, "புள்ள படிக்கட்டும்ங்க" என்று சொல்லி அனுப்பியவர் இதே அப்பா. நானும் அவன் முகத்துக்கு நேரேதான் மாட்டேன் என்றேன்.

கிளம்பும்போது ராஜதுரை குழாயடிக்கு வந்து கை கழுவினான். நான் மட்டும்தான் இருந்தேன். "என்னமோ பெரிய எடத்துலேருந்து வரப்போறான்னு இருந்த. இப்ப யாரு வந்தா? நாந்தான வந்தேன்" என்று சொல்லிச் சிரித்தான். அந்தச் சிரிப்பில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அன்றைக்கே அப்பாவிடம் சொன்னேன். "கிழிச்சவனையே குத்தம் சொல்றியாடி?" என்று கையை ஓங்கினார். போலீசுக்குப் போகலாம் என்றால், ஸ்டேஷன் படியேறினால் இருக்கிற மானமும் போய்விடும் என்கிறார்.

நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம் என்று ஊர் ஊராகக் கூட்டம் வரும் இடம் இது. பங்குனியில் அது முடிந்ததும் எனக்கு நிச்சயம், வைகாசியில் கல்யாணம் என்று பேசி முடித்துவிட்டார்கள். சாட்சி இல்லாமல் நான் என்ன கத்தினாலும் நாய் குரைப்பதுதான்.

பானு

*

பெரம்பலூர்
18.1.2025

அன்புத் தங்கை பானுவுக்கு,

பொங்கல் நல்லபடியாகக் கழிந்திருக்கும். நான் ஊருக்குப் போய் வந்தேன், அம்மாவுக்கு முழங்கால் பரவாயில்லை. என் உடம்பும் பரவாயில்லை. தூக்கம்தான் இல்லை.

சம்மதிக்காதே. அந்த ராணியைத் தோற்கடித்த ரோமாபுரிக்காரன், அவளை உயிரோடு சங்கிலியில் தன் ஊர்த் தெருவில் இழுத்துப் போக நினைத்தான். அவள் செத்துப்போனாள். அவன் விடவில்லை. அவளைப்போல ஒரு பதுமை செய்து, பாம்போடு, வெற்றி ஊர்வலத்தில் தூக்கிக்கொண்டு போனான். பாம்பும் ராணியும் சேர்ந்த முதல் உருவம் அதுதான் என்கிறார்கள். முதன்முதலில் அவளை யார் அப்படிக் காட்டியது என்று கேட்டாயே. ஜெயித்தவன். பிறகு வந்த ஓவியனும் சினிமாக்காரனும் அவன் பொம்மையைத்தான் பார்த்துப் பார்த்துச் செய்கிறார்கள்.

தான் அவமானப்படுத்தியவளையே தாலி கட்டிக் கூட்டிப்போக நினைக்கிறவனும் ஊர்வலம்தான் நடத்துகிறான். அவன் அழிந்துபோக வேண்டும் என்று நானும் வேண்டிக்கொள்கிறேன்.

உன்,
வினோ

*

திருமழபாடி
27.1.2025

வினோதினி அக்காவுக்கு,

நலம். நலமறிய அவா என்று எழுத வரவில்லை.

நீ வேண்டிக்கொள்ளத் தேவையில்லை. மேடையில் எடுத்த எல்லாப் படத்திலும் என் தலையில் தங்கத் தாள் கிரீடம் இருக்கிறது, இரண்டு கண்ணிலும் மை ஒழுங்காக இருக்கிறது. பிளக்ஸில் இருந்த முகத்துக்குக் கிரீடம் இல்லை. இடது கண் மை கன்னம்வரை பரவியிருந்தது. மை தீட்டும்போது எனக்குத் தும்மல் வந்தது, நீ சிரித்தாய், "இரு இரு, இத ஒரு போட்டோ எடுத்துக்கறேன்" என்றாய். அறையில் நாம் இரண்டு பேர். ஒரு போன்.

பஸ் ஸ்டாப்பில் அந்தச் சனிக்கிழமை நின்றபோதே எனக்குத் தெரியும். முதல் கடிதத்திலேயே எழுதியிருப்பேன். நீயாகச் சொல்கிறாயா என்று பார்த்தேன். மூன்று மாதமாக உன்னை ராணியைப் பற்றி எழுத வைத்ததும் அதற்குத்தான். படம் செய்தவனை எல்லாம் அவ்வளவு நன்றாகத் திட்டுகிறாயே, முகத்தை எடுத்துக் கொடுத்தவளைப் பற்றி எப்போது எழுதுவாய் என்று காத்திருந்தேன்.

இப்போது எழுது.

பானுப்ரியா

*

பெரம்பலூர்
10.3.2025

பானுவுக்கு,

நாற்பது நாளில் எட்டுக் கடிதம் எழுதிக் கிழித்தேன். இது ஒன்பதாவது. சித்தி சித்தப்பாவுக்கு என் வணக்கம். அதைச் சொல்லத் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை.

நான்தான் அனுப்பினேன். அக்டோபர் பதினைந்தாம் தேதி ராஜதுரை மச்சான் வாட்ஸப்பில் கேட்டார். உனக்கு வாழ்த்து பிளக்ஸ் அடிக்கப் போவதாகவும், திடீரென்று காட்டி மகிழ்விக்கப் போவதாகவும் சொன்னார். என்னிடம் இருந்ததில் அந்தத் தும்மல் படம்தான் உன்னை உயிரோடு காட்டியது. அனுப்பினேன்.

அதோடு நின்றிருந்தால் முதல் கடிதத்திலேயே சொல்லியிருப்பேன். நின்றுவிடவில்லை. அவர் எனக்கும் முறைதான் பானு. எத்தனையோ விசேஷத்தில் அவர் எதிரில் காபி டம்ளரோடு நின்றிருக்கிறேன், ஒரு தடவைகூட என் பெயரைச் சொன்னதில்லை. அன்றைக்கு முதல்முறையாக "வினோ" என்று எழுதியிருந்தார். படத்தோடு ஒரு சிவப்பு இதயத்தையும் சேர்த்து அனுப்பினேன். பிளக்ஸ் வந்த அன்று, நீங்களா செய்தது என்று கேட்டேன். வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொன்னார். சொன்னால் என் பெயரும் சேர்ந்து நாறும் என்றார். நான் "சரி" என்று பதில் எழுதினேன். இதயத்தைவிட அந்தச் "சரி"தான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

எல்லாம் என் போனில் அப்படியே இருக்கிறது. என்ன செய்யச் சொல்கிறாயோ செய்கிறேன்.

வினோதினி

*

திருமழபாடி
17.3.2025

ஏப்ரல் ஒன்பது, புதன்கிழமை, நிச்சயம். காலை பத்தரைக்கு வா. தட்டு மாற்றுவதற்கு முன் எழுந்து நின்று, எல்லார் முன்னாலும் போனைக் காட்டி, வாயால் சொல். உடம்பைப் பார்த்துக்கொள், அன்றைக்கு ஜுரம் என்று சொல்லாதே.

பானு

*

திருமழபாடி
11.4.2025

வினோதினிக்கு,

நீ வந்தாய். பெண்கள் வரிசையில் மூன்றாவது நாற்காலியில் பெரியம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாய். தட்டை எடுத்தபோது எழுந்தாய்.

மாமா உன்னைப் பார்த்து, "என்னா வினோ, எதாச்சும் சொல்லணுமா ஆயி?" என்றார். நீ போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாய். வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. யாரோ, "வாயில கொழுக்கட்டையா?" என்றதும் பந்தலே சிரித்தது. அப்போது ராஜதுரை எழுந்து வந்தான். "பாவம், வெயில்ல வந்திருக்கு. ஒரு கலர் உடைச்சுக் குடுங்க" என்று தன் கையாலேயே பாட்டிலை நீட்டினான்.

நீ வாங்கினாய். அதைக்கூடப் பொறுத்திருப்பேன். குடித்தாய்.

என் தலையில் பூ வைத்துவிட்டார்கள். ஜூன் ஒன்றாம் தேதி கல்யாணம். பத்திரிகையில் என் படம் போட வேண்டும் என்கிறான் மாப்பிள்ளை. இனிமேல் எனக்கு எழுதாதே. உன் உடம்பு எப்படி இருந்தால் எனக்கென்ன.

பானுப்ரியா

*

பெரம்பலூர்
24.4.2025

பானுவுக்கு,

எழுதாதே என்றாய். இது ஒன்றை மட்டும் படி. நான் நலம். பல நாளுக்குப் பிறகு நிஜமாகவே நலம்.

அந்தக் கலரின் இனிப்பு பெரம்பலூர் வந்து சேரும்வரை நாக்கிலேயே இருந்தது. அறையில் வாந்தி எடுத்தேன். சமீராவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள், "அல்லாவே, ஏண்டி, ஒனக்குப் பேச வராதுன்னு ஊருக்கே தெரியும். பேச வராதவ எதுக்குப் பேசப் போன?" என்றாள். அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது.

செவ்வாய்க்கிழமை பெரம்பலூரில் ஒரு பிளக்ஸ் கடைக்குப் போனோம். கம்ப்யூட்டரில் இருந்த அண்ணன், "பொறந்தநாளாம்மா? பின்னாடி என்ன வைக்கலாம், சிங்கமா தாமரையா?" என்றார். ஒன்றும் வேண்டாம், வெள்ளை போதும் என்று போனை நீட்டினேன். அவர் படித்தார். உன் முகம் இருந்த இடத்தையும் உன் பெயரையும் கறுப்படிக்கச் சொன்னேன். என் பெயர், அவர் பெயர், தேதி, நேரம் எல்லாம் அப்படியே இருக்கட்டும் என்றேன். "இந்த ஹார்ட்டையாச்சும் எடுத்துடவாம்மா?" என்று மெதுவாகக் கேட்டார். "இருக்கட்டும்ண்ணே" என்றேன். அந்த "சரி"யைப் பெரிதாக்க முடியுமா என்று கேட்டதற்கு, எல்லாமே பெரிதாகத்தான் வரும் என்றார். கீழே "இவண்: செ. வினோதினி, எம்.ஏ., வாலிகண்டபுரம்" என்று போட்டோம்.

நேற்று விடியலில் கிளம்பும் முதல் பஸ்ஸில் ஜெயங்கொண்டம் போனோம். ராஜதுரை கடைக்கு நேர் எதிரே, பஸ் ஸ்டாண்டு போகிற வழியில், ஏற்கெனவே ஏதோ காதுகுத்துக்கு நட்ட இரண்டு சவுக்குக் கம்பு காலியாக நின்றது. டீக்கடைக்காரர் வெள்ளைச்சாமி என்பவர், ஏதோ வாழ்த்து என்று நினைத்து, ஏணி கொடுத்து மேல் முடிச்சையும் போட்டுத் தந்தார். கீழே இறங்கி நிமிர்ந்து படித்தவர், ஏணியை அப்படியே விட்டுவிட்டு நின்றார்.

எட்டு மணிக்குள் கூட்டம். முந்திரி மூட்டையோடு வந்த ஒரு அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. "என்னாய்யா போட்டுருக்கு, எல்லாரும் வாயப் பொளந்துட்டு நிக்கிறீங்க? சத்தமா படிங்களேன்" என்றார். கும்பகோணம் பஸ் கண்டக்டர் ஒருவர் டிக்கெட் கூவும் குரலில் படித்தார்.

"வினோ, ஒரு போட்டோ அனுப்பு. பிளக்ஸ் அடிக்கணும், யார்ட்டயும் சொல்லாத." கீழே என் இதயம். "மச்சான், பஸ் ஸ்டாப்புல வச்சது நீங்களா?" "ஆமா, நாந்தான். திமிரு புடிச்சவ, என்னைய வேணாம்னாள்ல. இப்ப எவன் வர்றான்னு பாக்குறேன். நீ வாய மூடிட்டு இரு, அனுப்புனது நீ, சொன்னா ஒம் பேரும் நாறும்." "சரி."

நான் சொல்ல வேண்டியதையெல்லாம் ஒரு கண்டக்டர் சொல்லிக்கொண்டிருந்தார். என் குரல் தேவைப்படவே இல்லை. முந்திரி மூட்டை அம்மா, "யாருடா அந்த நாதாரி?" என்றார். நாலைந்து கை எதிர்க்கடையின் பெயர்ப் பலகையைக் காட்டின.

ஒன்பதுக்கு அவன் வந்தான். ஷட்டரைத் தூக்கினான், பின்னால் இருந்த அமைதி உறைத்துத் திரும்பினான். அவன் முகத்தை எழுத்தில் எழுதிப் பார்க்கிறேன், வரவில்லை. நானும் அதை வரைகிறவளாக வேண்டாம். ரோட்டைக் கடந்து வந்து, "கிழிச்சுருவேன்டி" என்றான்.

எனக்குத் தொண்டையில் ஒரே ஒரு வாக்கியம் இருந்தது. அது வந்தது.

"கிழிங்க மச்சான். அன்னைக்கும் நீங்கதான கிழிச்சீங்க?"

கூட்டம் சிரித்த சிரிப்பில் அவன் கடைக்குள் போய் ஷட்டரை உள்ளிருந்தே இறக்கிக்கொண்டான். யாரும் அந்த பிளக்ஸைத் தொடவில்லை. நான் நன்றாக இரண்டு தோசை சாப்பிட்டேன்.

ஹாஸ்டலில் என் பின்னால் இப்போது "ஹார்ட்டு" என்று கூப்பிடுகிறார்கள். அம்மா நேற்றிலிருந்து அழுகிறார். இருக்கட்டும். நீ அனுபவித்ததில் இது கால்வாசி.

வினோதினி

*

திருமழபாடி
19.5.2025

வினோ அக்காவுக்கு,

இங்கே அனைவரும் நலம். பெரியம்மா அழுகையை நிறுத்திவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

அந்த பிளக்ஸ் நாலு நாள் இருந்ததாம். அப்பாவுக்கு முதலில் யாரோ போனில் சொன்னார்கள், நம்பவில்லை. பஸ் ஏறிப் போய்த் தானே எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறார். திரும்பி வந்தார். பீரோவைத் திறந்து என் போனை எடுத்து, தூசியைத் துண்டால் துடைத்து, சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். மன்னிப்பு என்று அவர் அகராதியில் அதுதான் இருக்கிறது. எனக்குப் போதவில்லை. ஆனால் போனை எடுத்துக்கொண்டேன்.

வைத்திலிங்கம் மாமா வந்தார். "வெளையாட்டுப் புத்தி பழனிவேலு, வயசுப் பய" என்று ஆரம்பித்தார். அப்பா, நிச்சயத்தன்று வைத்த பூவையும் புடவையையும் அதே தட்டில் வைத்து வாசலுக்கு வெளியே இறக்கினார். "எம் பொண்ண நாறடிச்சுட்டு, அத நீங்களே வந்து மோந்து பாத்து வாங்கிட்டுப் போலாம்னு நெனச்சீங்களா?" என்றார். அப்பா இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. மறுநாள் நானே அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்ப் புகார் எழுதிக் கொடுத்தேன். உன்னைச் சாட்சியாகக் கூப்பிடுவார்கள். போனை அழித்துவிடாதே. ராஜதுரை கடையைக் காலி செய்துவிட்டுத் திருப்பூரில் இருக்கிறானாம். அங்கேயும் உன் பிளக்ஸின் படம் வாட்ஸப்பில் போயிருக்கிறது. குளத்தங்கரையில் இப்போது எனக்கு இடம் விட்டுக் குளிக்கிறார்கள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் இடத்தை எடுத்துக்கொள்கிறேன்.

ஜூனில் கல்லூரிக்குத் திரும்புகிறேன். வருகை இல்லாததால் மூன்றாம் வருடத்தை முதலிலிருந்து படிக்க வேண்டும். என்னோடு படித்தவர்கள் பட்டம் வாங்கும் நாளில் நான் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன்.

ஜெயங்கொண்டத்தில் உன் பிளக்ஸை நானும் பார்த்தேன். அப்பாவுக்குத் தெரியாமல் மூன்றாம் நாள் போனேன். இதயத்தை நீ அழித்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. அதன் அடியில் வெகுநேரம் நின்றேன். நீ எனக்குச் செய்தது பெரிய காரியம்தான். நீ எனக்குச் செய்த துரோகமும் சின்னதில்லை. ஒன்று மற்றதை அடைத்துவிடும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு அடைபடவில்லை.

எனக்கு ஒரு வருடம் போய்விட்டது. அதனால் உனக்கும் ஒரு வருடம். அதுவரை வராதே, எழுதாதே, போன் செய்யாதே. வழக்குக்கு வந்தால் பேச வேண்டியதை அதிகாரியிடம் பேசு, என்னிடம் வேண்டாம். அடுத்த வருடம் மே பத்தொன்பதாம் தேதி செவ்வாய்க்கிழமை வருகிறது, காலண்டர் பார்த்துவிட்டேன். அன்றைக்குக் காலை பஸ்ஸில் வா. நான் ஸ்டாப்பில் நிற்பேன்.

இடையில் உடம்புக்கு ஏதாவது வந்தால் சமீராவை எனக்கு எழுதச் சொல்.

பானு